ஜாராக் தீவுக்கு எந்தப் படகு?

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் காலை ஏழு மணிக்கு ஈப்போ புந்தோங்கிலிருந்து காரில் புறப்பட்டோம், நானும் என் நாத்தனார் பிரேமாவும். அன்று நாங்கள் கடலில் இறங்கப் போகவில்லை. படகு பார்க்கப் போனோம். மாப்பிள்ளை பார்க்கப் போகிற வீட்டார் மாதிரி பிரேமா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜாராக் தீவு எங்கள் பேராக் மாநிலத்தைச் சேர்ந்ததுதான். ஆனாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்கு அப்படியொரு தீவு இருப்பது தெரியாது. லுமுட்டிலிருந்து மேற்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல், மலாக்கா நீரிணையின் நடுவில் தனியாக நிற்கிறது. வீடு இல்லை, கடை இல்லை, கால் நீட்டிப் படுக்க மணல்கூட இல்லை. பாறையும் காடும்தான். அங்கே முக்குளிக்க வேண்டுமானால் படகிலேயே சாப்பிட்டு, படகிலேயே தூங்கி, படகிலிருந்தே குதிக்க வேண்டும். அதனால் எந்தப் படகு என்பதுதான் முதல் கேள்வி. தீவு எங்கேயும் ஓடிவிடாது.

பிரேமாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஈப்போவில் பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. அவள் மொழி கைமொழி. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவளிடமே கற்றுக்கொண்டேன். அவள் கைகளால் சொன்னதை இங்கே பேச்சாகவே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

முக்குளிப்பு ஆசை அவளுடையது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பங்கோர் தீவில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். பயிற்சி கொடுத்தவர் என்னைப் பார்த்து, "நீங்க படகுல குந்திக்கிட்டு யாருக்கு மொழிபெயர்க்கப் போறீங்க? தண்ணிக்குள்ள வாங்க லா" என்றார். நாற்பத்து மூன்று வயதில், நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தைத் தாண்டாத நான், இப்படித்தான் கடலுக்குள் போனேன். போன பிறகு வெளியே வர மனசில்லை.

லகாட், பூசிங், சிப்புத்தே என்று சாலை போனது. போத்தாவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாமாயில் தரும் செம்பனை. முன்பு ரப்பர் நின்ற நிலம். ஈப்போவிலிருந்து லுமுட் எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். வழி முழுவதும் பிரேமா தன் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த மூன்று படகுகளின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். படத்தில் மூன்றும் ஒன்றுதான். நீலக் கடல், சிரிக்கிற ஆட்களின் வெள்ளைப் பல்.

"அதுல ஒருத்தனுக்கு முன்பல் ரெண்டும் செட்டு," என்று மட்டும் சொன்னாள்.

முதல் படகு லுமுட் படகுத்துறையில் நின்றது. வெள்ளை நிறம், இரண்டு அடுக்கு, குளிரூட்டிய அறைகள். மூன்று பகல் இரண்டு இரவுக்கு ஆளுக்கு ஆயிரத்து நானூறு ரிங்கிட். சுற்றிக் காட்டியவர் கறுப்புக் கண்ணாடி போட்ட தமிழ்க்காரர், வாய் ஓயாத மனிதர்.

"மேல கரவோக்கே இருக்கு கா. ராத்திரி ஃபுல்லா பாடலாம். சவுண்டு சிஸ்டம் வேற லெவல் லா!"

நான் அதை அப்படியே கையால் சொன்னேன். பிரேமா விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

பிரேமாவிடம் எல்லாப் படகுக்கும் ஒரே கேள்விதான் இருந்தது. "தூங்கும்போது ஆபத்து மணி அடிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் பதிலை எனக்குச் சொன்னார். "நீங்க பக்கத்துல படுத்துக்குங்க கா. எழுப்பி விட்டுருங்க."

"நான் அவரைத்தானே கேட்டேன், அவர் ஏன் உங்களையே பார்க்கிறார்?" என்றாள் பிரேமா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அறைகள் அழகாகத்தான் இருந்தன, போர்வையை அன்னம் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். ஆனால் ஏறி இறங்க ஒரே ஒரு குறுகிய படிக்கட்டு. இன்னொரு வழி எங்கே என்று பிரேமா கேட்டாள். அவர் கூரையில் இருந்த ஒரு கதவைக் காட்டினார். மேலே போய்ப் பார்த்தோம். அந்தக் கதவின் மேல் ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"பயணத்தன்னிக்கு எடுத்துருவோம் கா."

நன்றி சொல்லிவிட்டு இறங்கினோம்.

இரண்டாவது படகு நூறு மீட்டர் தள்ளி நின்றது. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது, எழுநூறு ரிங்கிட். உரிமையாளர் வயதான சீனர், நல்ல மனிதர், எங்களை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். முக்குளிப்பவர்களின் கலன்களில் காற்று நிரப்பும் இயந்திரத்தைப் பார்த்ததும் பிரேமா குனிந்து மூக்கை உறிஞ்சினாள். காற்றை இழுக்கும் குழாய்க்குப் பக்கத்திலேயே டீசல் என்ஜினின் புகைபோக்கி இருந்தது. அந்தப் புகை கலனுக்குள் போனால், கடலுக்கு அடியில் அதைத்தான் சுவாசிக்க வேண்டும். அதைப் பற்றி நான் கேட்க வாயெடுக்கும் முன்பே, எங்கள் கைகள் பேசுவதை அவர் கவனித்துவிட்டார்.

"இவருக்குக் காது கேக்காதா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "தா போலே லா, அமோய். பஹாயா." முடியாதம்மா, ஆபத்து. கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவே சொன்னார்.

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் தலையாட்டியதிலேயே பிரேமா புரிந்துகொண்டு படகிலிருந்து இறங்கி நடந்தாள்.

சித்தியவான் டவுனுக்குப் போய் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த கொம்பியா ரொட்டி வாங்கினேன். மண் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடும் உப்பு ரொட்டி, வெங்காயம் வைத்தது. காருக்குள் உட்கார்ந்து பிரேமா ஒன்றும் சொல்லாமல் நான்கு தின்றாள். அவள் கை சும்மா இருந்தால் வீட்டில் எல்லாருக்கும் பயம்.

"வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

"மூணு படகுன்னு சொன்னேன். ரெண்டுதானே பார்த்திருக்கோம்?"

மூன்றாவது படகு லுமுட்டில் இல்லை. கம்போங் ஆச்சே பக்கம், ஆற்றோரத்தில், மீன் வாடைக்கு நடுவே கட்டிக் கிடந்தது. பச்சை நிறம், பாதி சுரண்டிவிட்டு மறுபடி சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆளுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது ரிங்கிட், சாப்பாடும் கலன்களும் சேர்த்து. கையெல்லாம் பச்சையாக ஒருவர் எட்டிப் பார்த்தார். குணா அண்ணே, முக்குளிப்பவர்களை வழிநடத்துகிறவர். ஆயர் தாவார் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

நான் வணக்கம் சொல்லி, "அண்ணே, இவங்க என் நாத்தனார், இவங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன். பிரேமா என் தோளைத் தட்டி நிறுத்தினாள். தானே முன்னால் போய், காதைத் தொட்டு, இல்லை என்று கையை விரித்தாள். பிறகு, முக்குளிக்கிறவர்கள் தண்ணீருக்குள் கேட்பதுபோல, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினாள். சரியா?

குணா அண்ணே யோசிக்கவேயில்லை. பச்சைச் சாயம் படிந்த விரல்களை அதேபோல வளைத்து அவளுக்குக் காட்டினார். சரி.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துப் பேசவேயில்லை. நான் மொழிபெயர்த்தேன், அவர் கண் முழுவதும் அவள் மேலேயே இருந்தது. எத்தனை முறை இறங்கியிருக்கிறாய், எவ்வளவு ஆழம், காற்று எவ்வளவு நேரம் தாங்கும் என்றெல்லாம் கேட்டார். பிறகு அவள் கேட்டாள். முதலுதவிக்கான ஆக்சிஜன் இருக்கிறதா என்றாள், எடுத்துவந்து திறந்து காட்டினார். வானொலிக் கருவியைக் காட்டினார். காற்று இழுக்கும் குழாய் புகைபோக்கிக்கு எட்டாமல் கூரைமேல் இருந்தது. கடைசியில் அவளுடைய அந்தக் கேள்வி.

அவர் சாயக் கையைத் துணியில் துடைத்தார். "உண்மையச் சொன்னா, எனக்குத் தெரியல மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. பாக் லோங்!"

கேப்டன் பாக் லோங் சமையல் கட்டிலிருந்து வந்தார். மெலிந்த மலாய்க்காரர், வாயில் பல் குறைவு. விஷயத்தைக் கேட்டுத் தாடியைத் தடவி, ஒரு யோசனை சொன்னார். சுக்கான் அறையிலிருந்து ஒரு கயிறு விட்டு, அவள் காலில் கட்டிவைக்கலாம். ஆபத்தென்றால் இழுப்பார்.

"நான் என்ன ஆடா?" என்றாள் பிரேமா. மொழிபெயர்த்தேன். பாக் லோங் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

பிரேமாவே வழியும் சொன்னாள். அவளிடம் தலையணைக்கு அடியில் வைக்கும் கருவி ஒன்று இருக்கிறது. பிஸ்கட் டின் மூடி அளவு, வேலைக்கு எழுவதற்காக வாங்கியது, அடித்தால் கட்டிலே நடுங்கும். அதைப் படகின் மணியோடு இணைக்க முடியுமா?

"கொண்டு வா. வயர் இழுத்துடலாம்," என்றார் குணா அண்ணே.

காருக்குத் திரும்பும்போது பிரேமா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையாட்டினாள். "இதுதான்."

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், பச்சைச் சாயம் காய்ந்த அதே படகில், ஏழு முக்குளிப்பவர்கள் புறப்பட்டோம். படகின் வேகம் சாதுவான எருமையின் வேகம். பங்கோர் பின்னால் போனது, செம்பிலான் தீவுகள் இடது பக்கம் மங்கலாகத் தெரிந்து மறைந்தன, பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. கப்பல்கள் தொலைவில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

குணா அண்ணே ஜோடி பிரித்தார். தண்ணீருக்குள் யாரும் தனியாகப் போகக்கூடாது, ஆளுக்கொரு துணை. காற்றை ஒரே அளவில் செலவழிப்பவர்களைச் சேர்த்தார். நான் பதற்றக்காரி, காற்றை மடக் மடக்கென்று குடிப்பேன். பிரேமா பூனை மாதிரி மூச்சு விடுவாள். அவளுக்குத் துணையாக மெய் லிங் என்கிற பெண்ணைப் போட்டார். காம்பார் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், எங்களுக்கு அறிமுகமே இல்லாதவர். ஏழாவது ஆளான எனக்குத் தானே துணை என்றார்.

"அண்ணே, நான் வந்ததே இவளுக்காகத்தான்," என்றேன்.

பிரேமா என் கையைப் பிடித்து இறக்கினாள். "நீங்க எனக்கு அண்ணி. உயிர்காக்கும் மிதவை இல்ல. நான் அந்தப் பொண்ணோடவே போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு மணி நேரம் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் மெய் லிங்குக்கு ஆமை, சுறா, திருக்கை, பசிக்கிறது, இந்த ஆள் அழகாக இருக்கிறார் ஆகிய ஐந்து சைகைகளைக் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

மாலை நான்கு மணிக்கு எல்லாரும் மேல்தளத்தில் மதியத் தூக்கத்தில் இருந்தோம். திடீரென்று மணி அலறியது. நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் செருப்பைத் தேடினேன். ஒருவர் தன்னுடையது என்று நினைத்து மெய் லிங்கின் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் தட்டுத்தடுமாறிக் கூடும் இடத்துக்கு வந்தால், அங்கே பிரேமா சட்டையின் வாரெல்லாம் மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். குணா அண்ணே வைத்த ஒத்திகை அது. மணியோடு இணைத்த கருவி அவள் தலைக்கு அடியில் நடுங்கிய நடுக்கத்தில் அவள்தான் முதல் ஆள்.

"காது கேக்குற மத்த எல்லாரும் செத்திருப்பீங்க லா," என்றார் குணா அண்ணே. பாக் லோங் அவளுக்குத் தலைவணங்கினார்.

வெயில் சாயும்போது ஜாராக் தெரிந்தது. கடலிலிருந்து பச்சையாக எழுந்து நின்றது. பறவைகள் அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்தன. அன்றிரவு பாக் லோங் சமைத்த புளிக் குழம்பு மீனை நினைத்தால் இப்போதும் நாக்கு ஊறுகிறது.

மறுநாள் காலை முதல் இறக்கம். எல்லாரும் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். மூன்று மீட்டர்தான் போயிருப்பேன், வலது காதில் ஊசி குத்தியது. முதல் நாளே இலேசாகச் சளி இருந்தது. மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன், காது திறக்கவில்லை. மேலே ஏறி மறுபடி இறங்கினேன், மறுபடி குத்தல். காது அடைத்துக்கொண்டு இறங்கினால் சவ்வு கிழிந்துவிடும். முடியாது என்று சைகை காட்டினேன். பிரேமா எனக்கு நேராக மிதந்து வந்தாள். கண்ணாடிக்குள் அவள் கண் சிரிப்பதைப் பார்த்தேன்.

"நம்ம ரெண்டு பேர்ல காது பிரச்சினை உங்களுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நான் படகில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். குமிழிகள் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு நீரோட்டம் வேகம் பிடித்தது, குமிழிகள் எங்கே என்று தெரியவில்லை. சொன்ன நேரத்துக்குக் குணா அண்ணேயும் மற்றவர்களும் மேலே வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர் குறைந்தார்கள்.

"பிரேமாவும் மெய் லிங்கும் வரலையா?" என்று குணா அண்ணே தண்ணீரிலிருந்தே கத்தினார்.

பாக் லோங் பழக்கத்தில் படகின் ஹாரனை அழுத்தினார். அழுத்திய கையை உடனே எடுத்தார். "அவளுக்குக் கேட்காதே" என்று முணுமுணுத்தார். வீட்டில் போய் என் புருஷனிடம் என்ன சொல்வேன் என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அவளுக்கு அண்ணன். படகின் கூரைமேல் ஏறி நான்கு திசையும் பார்த்தேன். அலையில் வெயில் பட்டு எல்லாமே தலை மாதிரி தெரிந்தது.

தெற்கே, தொலைவில், ஆரஞ்சு நிறத்தில் ஒன்று எழுந்தது. காற்றடைத்து நிமிர்த்தும் அடையாளக் குழல். கத்திக்கொண்டே கையைக் காட்டினேன். எங்கள் படகோடு கட்டியிருந்த சின்னப் படகு பாய்ந்து போய் இரண்டு பேரையும் ஏற்றி வந்தது. குழலைப் பிடித்திருந்தவள் பிரேமா. மற்ற கையால் மெய் லிங்கின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள்.

அவர்கள் ஏறியதும் ஏறாததுமாகக் குணா அண்ணே திட்டத் தொடங்கினார். கூட்டத்தை விட்டு ஏன் விலகினீர்கள், நீரோட்டம் என்றால் விளையாட்டா, இன்னொரு முறை செய்தால் இரண்டு பேரும் படகிலேயே இருக்க வேண்டியதுதான். மெய் லிங்கை மலாயில் திட்டினார். பிரேமாவை முகத்துக்கு நேராகக் கையை வெட்டி வெட்டித் திட்டினார். நான் மொழிபெயர்க்கக் கையைத் தூக்கினேன், அவள் வேண்டாம் என்றாள். தலைகுனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, தப்புதான் என்று நெஞ்சில் கையைத் தேய்த்தாள்.

பிறகு என்னிடம் சொன்னாள், "பார்த்தீங்களா? என்னையே திட்டினார். எப்பவும் உங்களைத்தானே கூப்பிட்டு என்னைப் பத்திக் குறை சொல்வாங்க!" அவள் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது.

"ஏன் விலகினீங்க?" என்று எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டேன்.

மெய் லிங் வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது. பிரேமா எழுந்து தளத்தின் நடுவே போனாள். இரண்டு கையையும் விரித்து மெதுவாக, மிக மெதுவாக, ஒரு பெரிய வாலை அசைத்தாள். வாயை அகலத் திறந்து கடலை உள்ளே விட்டாள். விரல் நுனிகளால் தன் தோளிலிருந்து இடுப்புவரை புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனாள். திமிங்கலச் சுறா. அது கீழிருந்து வந்தது, அவர்கள் இருவருக்கும் இடையில் போனது, அதன் கண் அவளைப் பார்த்தது. மெய் லிங் மூச்சு விட மறந்தது, தான் அவர் முதுகில் ஓங்கி அடித்தது, இருவரும் அதன் பின்னாலேயே போனது, திரும்பிப் பார்த்தால் யாருமே இல்லாதது.

நான் வழக்கம்போல் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். நிறுத்திவிட்டேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. பாக் லோங் கரண்டியோடு நின்றுவிட்டார். குணா அண்ணேகூடத் திட்டியதை மறந்து வாய் பிளந்திருந்தார். அவள் முதுகில் அடித்த இடத்தில் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

மாலைக்குள் என் காது திறந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி இறக்கத்தில் நானும் போனேன். சுறா வரவில்லை. மஞ்சள் மீன்கள் கூட்டமாகச் சுற்றின, ஆமை ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் பாறையைச் சுரண்டித் தின்றது. எட்டு மீட்டர் ஆழத்தில், மற்றவர்கள் ஒரு கட்டைவிரலோடு பேச்சை முடித்துக்கொள்ள, நானும் பிரேமாவும் ஓயாமல் பேசினோம். அந்த ஆமைக்கு உங்க மாமியார் ஜாடை என்றாள். உன் அம்மாதானே அது என்றேன். குணா அண்ணே வந்து எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து இறக்கிவிட்டார். பேசிப் பேசிக் காற்றைத் தீர்க்கிறோமாம்.

நண்பகலில் நங்கூரம் எடுத்தார்கள். தீவு சின்னதாகிக்கொண்டே போனது. மெய் லிங் கையில் பழகிய சைகைகள் இருபதுக்கு மேல் ஆகியிருந்தன, பாதி தப்பு. அந்த இரண்டு நாளில் சாப்பாட்டு நேரத்தில் பிரேமா ஒருமுறைகூட என்னைத் தட்டி, "என்ன சொன்னாங்க?" என்று கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் தீபாவளிக்கு இருபது பேர் கூடினால், அவள் ஓரத்தில் உட்கார்ந்து எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்ப்பாள். கேட்டால், அப்புறம் சொல்றேன் என்போம். அந்த அப்புறம் பெரும்பாலும் வராது.

இரவு பத்து மணிக்குப் புந்தோங் வந்து சேர்ந்தோம். என் புருஷன் சுந்தர் கேட்டைத் திறந்துவிட்டு, பைகளை இறக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார். "என்ன பார்த்தீங்க? சுறா கிறா ஏதும் வந்துச்சா?"

கூடப் பிறந்தவர்தான். அவருக்குத் தெரிந்த சைகைகள் சாப்பிடு, வா, தூங்கு, காசு. அவ்வளவுதான். மற்றதெல்லாம் இத்தனை வருடமாக என் வழியாகத்தான் போய் வந்தது.

"நான் பார்க்கலங்க. அவதான் பார்த்தா. அவகிட்டயே கேளுங்க," என்று சொல்லிவிட்டு நான் ஈரத் துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நான் நகரவில்லை. பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, தங்கையைப் பார்த்து இரண்டு கையையும் கொஞ்சம் விரித்தார், இன்னும் கொஞ்சம் விரித்தார், புருவத்தை உயர்த்தினார். எவ்வளவு பெரிசு?

பிரேமா அவரைத் தோளைப் பிடித்துக் காரின் முன்பக்கம் நிற்கவைத்தாள். இதுதான் தலை, அசையாதே. பிறகு காரை ஒட்டி நடந்தாள். காரின் பின்பக்கம் வந்தது. நிற்கவில்லை. கேட்டைத் தாண்டினாள், நடைபாதையைத் தாண்டினாள், சாலைக்கே போய்விட்டாள். வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று பிரேக் போட்டு நின்றது. நடுச் சாலையில் நின்று, தலைக்கு மேல் கையை உயர்த்தி வாலை அசைத்தாள்.

தலையாக நின்ற என் புருஷன் வாயை அகலத் திறந்தார்.